பேட்டரி மேல் பழி போடும் முன்

விளக்கு மங்கினாலும், இன்வெர்ட்டர் கத்திக்கொண்டே அணைந்துபோனாலும் முதல் பழி பேட்டரி மேல்தான் விழுகிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒட்டன்சத்திரம், வேடசந்தூர், ரெட்டியார்சத்திரம் பக்கத்துத் தோட்டத்து வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் குறைவு. "பேட்டரி போயிருச்சுண்ணே, புதுசு போட்டுருங்க" என்ற தீர்ப்பு, எலக்ட்ரீஷியன் வந்த ஐந்தாவது நிமிடத்திலேயே வந்துவிடும். 150 ஆம்பியர்-அவர் டியூபுலர் பேட்டரி ஒன்று பதினைந்தாயிரம் ரூபாயை ஒட்டி விற்கிறது. தக்காளிக்கு விலை இல்லாத மாதத்தில் அந்தத் தொகையைப் புரட்டுவது லேசான காரியம் அல்ல. புதுப் பேட்டரி வந்ததும் சில மாதம் எல்லாம் ஒழுங்காக ஓடும். அப்புறம் பழைய கோளாறே திரும்பி வரும்.

அந்தச் சில மாத நிம்மதி எங்கிருந்து வந்தது என்று யோசிக்க வேண்டும். பேட்டரியை மாற்றும்போது முனைகளைக் கழற்றி, சுரண்டி, நன்றாக இறுக்கி மாட்டுகிறார்கள். பல வீடுகளில் கோளாறைச் சரிசெய்தது அந்த இறுக்கம்தான். பணம் கொடுத்தது பேட்டரிக்கு.

தமிழ்நாட்டில் பேட்டரி வீட்டுப் பொருளாக ஆனது மின்வெட்டுக் காலத்தில். 2012-இல் சென்னைக்கு வெளியே பகலும் இரவும் மணிக்கணக்கில் கரண்ட் போனபோது, திண்டுக்கல் கடைவீதியில் இன்வெர்ட்டர் வாங்காத குடும்பம் அடுத்த மாதம் வாங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு, 2011-இல், அரசு தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் 300 சதுர அடி வீட்டோடு சூரிய மின்சாரத்தில் எரியும் 5 சி.எஃப்.எல். விளக்குகளும் சேர்ந்தே வந்தன. மின்வெட்டு பெரும்பாலும் ஓய்ந்துவிட்டது. ஆனால் மின்கம்பம் போய்ச் சேராத தோட்டங்களிலும், சிறுமலை அடிவாரத்தில் காட்டுப்பன்றிக்குப் பயந்து சோலார் வேலி போட்ட காடுகளிலும், பேனலும் பேட்டரியும் இன்றும் அன்றாட வேலை செய்கின்றன.

இந்த அமைப்புக்கு நெருங்கிய உறவு படகு. கரையை விட்டுக் கிளம்பிய படகுக்கும் மின்வாரியம் கிடையாது. நாகப்பட்டினம், ராமேஸ்வரம் விசைப்படகுகளில் இன்ஜினோடு சுழலும் ஆல்டர்னேட்டர் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற, அதிலிருந்து வயர்லெஸ்ஸும் ஜி.பி.எஸ்.ஸும் விளக்குகளும் ஓடுகின்றன. கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே வேம்பநாட்டுக் காயலில் 2017 ஜனவரியிலிருந்து ஓடும் 'ஆதித்யா' இன்னும் ஒரு படி மேல்: 75 பேரை ஏற்றிச் செல்லும் அந்தப் படகின் கூரையில் 20 கிலோவாட் பேனல், உள்ளே லித்தியம் பேட்டரி. காயலில் மிதந்தாலும் கரிசல் காட்டில் நின்றாலும் சுற்று ஒன்றுதான். மின்சாரத்தை உண்டாக்கும் ஒன்று, சேர்த்து வைக்கும் ஒன்று, செலவழிக்கும் சில. இவற்றை இணைக்கும் கம்பி, கம்பி முனையில் மாட்டும் உலோகக் காதான லக், ஃபியூஸ், சுவிட்ச். கோளாறுகளில் பெரும்பங்கு இந்தக் கடைசிப் பட்டியலில் இருக்கிறது. அதைத்தான் யாரும் முதலில் பார்ப்பதில்லை.

காரணம் எளிய கணக்கு. 500 வாட் மிக்ஸி மின்வாரியத்தின் 230 வோல்ட்டில் ஓடும்போது இழுப்பது 2 ஆம்பியர் சொச்சம். அதே மிக்ஸி 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக ஓடினால், இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்து, பேட்டரிக் கம்பியில் ஏறக்குறைய 50 ஆம்பியர் ஓட வேண்டும். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் கூடியே ஆக வேண்டும். 1827-இல் ஜார்ஜ் ஓம் எழுதிவைத்த விதிப்படி, ஓர் இணைப்பில் தொலையும் வோல்ட் என்பது அதன் மின்தடையை ஆம்பியரால் பெருக்கி வருவது. ஒரு முனையில் பச்சை பூத்துத் தடை 0.01 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230 வோல்ட் வயரிங்கில், 2 ஆம்பியரில், அது தின்பது 0.02 வோல்ட், யாருக்கும் தெரியாது. பேட்டரிப் பக்கம், 50 ஆம்பியரில், அதே முனை அரை வோல்ட்டைத் தின்னும். கூடவே 25 வாட் சூட்டையும் கக்கும். ரேடியோ ரிப்பேர்க் கடையில் ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றை, மிக்ஸி ஓடும் நேரமெல்லாம் பேட்டரி முனையில் செருகி வைத்ததற்கு அது சமம்.

கம்பியின் கனமும் இதே கணக்குத்தான். வீட்டிலிருந்து 15 மீட்டர் தள்ளி இருக்கும் மோட்டார் ரூமுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 12 வோல்ட் கொண்டுபோனால், போக வர 30 மீட்டர் செம்பு. அதன் தடை 0.34 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.7 வோல்ட் போய்விடும். அங்கே உள்ள விளக்குக்கு மிஞ்சுவது பத்துச் சொச்சம். வீட்டு வயரிங்குக்கு நன்றாக இருக்கிற கம்பி பேட்டரிக்குப் போதவே போதாது என்பதை எலக்ட்ரீஷியன்களே பலர் கவனிப்பதில்லை. அவர்கள் கை பழகியது 230 வோல்ட்டில்.

இனி கோளாறு தேடுவது. ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே ஒரு தோட்டத்து வீட்டில் நடந்த தேடலைச் சொன்னால் முறை விளங்கும். இரண்டு பேனல், 150 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒன்று, சார்ஜரும் உள்ளேயே அடங்கிய சோலார் இன்வெர்ட்டர். விளக்கும் ஃபேனும் ஓடும். சட்னி அரைக்க மிக்ஸியைப் போட்டால் 'பீப் பீப்' என்று கத்திவிட்டு எல்லாம் அணைந்துவிடும். ஏற்கெனவே பார்த்துவிட்டுப் போனவர் பேட்டரி காலி என்று சொல்லியிருந்தார். ஆனால் மிக்ஸி ஓடாதபோது மீட்டரை வைத்தால் 12.6 வோல்ட். அது நிறைந்த பேட்டரியின் அளவு.

எல்லாரும் ஏமாறும் இடம் இது. மின்சாரம் ஓடாதபோது கெட்ட இணைப்பும் நல்ல இணைப்பும் மீட்டருக்கு ஒன்றே. ஆம்பியர் பூஜ்யம் என்றால் தடை எவ்வளவு இருந்தாலும் இழப்பு பூஜ்யம். பாரத்தைப் போட்டுவிட்டு அளந்தால்தான் உண்மை வெளியே வரும். அந்த வீட்டில் மிக்ஸியை ஒருவர் இரண்டு மூன்று விநாடி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் மீட்டர் ஊசிகளை வைத்துப் பார்த்தார். முதலில் பேட்டரியின் ஈயக் குமிழ்கள் இரண்டின் மேலேயே நேராக ஊசி. கிளாம்ப்பின் மேல் அல்ல, ஈயத்தின் மேல். இந்த வித்தியாசம் முக்கியம். 12.0 வோல்ட் காட்டியது. 50 ஆம்பியர் இழுக்கும்போது 12.0 நிற்கிற பேட்டரி ஆரோக்கியமானது. அடுத்து இன்வெர்ட்டரின் உள்ளே கம்பி நுழையும் திருகாணிகளில் ஊசி. 10.6 வோல்ட்! பெரும்பாலான 12 வோல்ட் இன்வெர்ட்டர்கள் பத்தரையை ஒட்டி வந்ததும் பேட்டரி காலி என்று நினைத்து நிறுத்திக்கொள்ளும். இன்வெர்ட்டர் மேல் தப்பில்லை. அது பார்த்ததைச் சொன்னது.

பேட்டரியில் 12.0, ஒரு மீட்டர் தள்ளி 10.6. நடுவில் 1.4 வோல்ட் எங்கே போனது? இதைக் கண்டுபிடிக்கப் பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே அளக்கக் கூடாது. ஒரே கம்பியின் இரண்டு முனைகளில் ஊசியை வைக்க வேண்டும். நல்ல இணைப்பின் இரு பக்கமும் வைத்தால் மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்டும். வோல்ட் காட்டினால், அந்த அளவு அங்கே தொலைகிறது என்று அர்த்தம். மைனஸ் பக்கம் முழுவதும் 0.1. ஈயக் குமிழிலிருந்து கிளாம்ப்புக்கு 0.05. கம்பியின் நீளத்தில் 0.15. ஃபியூஸில் 0.2, அது கொஞ்சம் அதிகம்தான். கிளாம்ப்பில் முடுக்கியிருந்த லக்குக்கும் அதற்குள் நுழைந்த கம்பிக்கும் நடுவில் 0.9 வோல்ட். கூட்டினால் 1.4. கணக்கு ஒரு புள்ளி பிசகாமல் நின்றது.

லக்கின் மேல் சுற்றியிருந்த கறுப்பு டேப்பைப் பிரித்தார்கள். டேப் உருகிப் பிசுபிசுத்துப்போயிருந்தது. லக்கைக் கிரிம்பிங் டூலால் அழுத்தாமல் சுத்தியலால் தட்டி மாட்டியிருக்கிறார்கள். வெளியே இருந்த இழைகள் கருத்து, உள்ளே பச்சைப் பொடி. இழுத்ததும் கம்பி கையோடு வந்துவிட்டது. 0.9 வோல்ட்டை 50 ஆம்பியரால் பெருக்கினால் 45 வாட். மிக்ஸி ஓடிய ஒவ்வொரு முறையும் அந்தச் சூடு ஒரு விரல் அகல இடத்தில். கெட்ட பாகத்தை வெட்டி எறிந்து, புதுச் செம்பு லக்கை டூலால் அழுத்தி, முனைக்கு வாஸ்லைன் தடவி முடுக்கினார்கள். செலவு நூறு ரூபாயைத் தாண்டவில்லை.

இதைக் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் பேட்டரி உண்மையிலேயே போயிருக்கும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அந்த வீட்டில் பகல் வெயிலின் சார்ஜும் அதே லக் வழியாகத்தான் பேட்டரிக்குள் போக வேண்டும். போகும்போது லக்கில் தொலைகிற வோல்ட்டையும் சேர்த்துத்தான் சார்ஜர் பார்க்கிறது, பேட்டரி 14.2-இல் இருக்கும்போதே இலக்கான 14.4 வோல்ட் வந்துவிட்டதாக எண்ணி ஆம்பியரைக் குறைக்கத் தொடங்கும். நிரம்ப நேரம் பிடிக்கும், அதற்குள் பொழுது சாய்ந்துவிடும். நாள்தோறும் அரைகுறையாக நின்ற ஈய-அமில பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப் படிகமாக இறுகிவிடுகிறது. 1859-இல் காஸ்டன் பிளான்டே முதல் ஈய பேட்டரியைச் செய்தபோதிருந்த வேதியியல்தான் இன்றும்: காலியாகும்போது தகட்டில் சல்பேட் படியும், சார்ஜ் ஏறும்போது கரையும். கெட்டிப்பட்ட சல்பேட் திரும்பக் கரைவதில்லை. ஆக, நூறு ரூபாய் லக் பதினைந்தாயிரம் ரூபாய்ப் பேட்டரியைக் கொல்லும். எலக்ட்ரீஷியன் சொன்ன தீர்ப்பும் கடைசியில் உண்மை ஆகிவிடும்.

பேட்டரியே கெட்டிருக்கும் சமயங்களும் உண்டு. அதைச் சொல்லவும் ஒழுங்கான வழி இருக்கிறது. சார்ஜை நிறுத்தி, பாரத்தையும் எடுத்துவிட்டுச் சில மணி நேரம் ஓய்வு கொடுத்து அளக்க வேண்டும்; வெயிலில் சார்ஜ் ஏறிய உடனே அளந்தால் மேலோட்டமான வோல்ட் அதிகமாகக் காட்டும். ஓய்வில் 12.6, 12.7 என்றால் நிறைவு, 12.2 என்றால் பாதி, 11.9 என்றால் கிட்டத்தட்ட காலி. இதைவிட நம்பிக்கையான கருவி ஹைட்ரோமீட்டர். உறிஞ்சு குழாயோடு வரும் அந்தக் கண்ணாடிக் குழல் திண்டுக்கல்லில் எந்த பேட்டரிக் கடையிலும் கிடைக்கும். ஆறு செல்லையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நிறைந்த செல்லில் அமிலத்தின் அடர்த்தி 1.26-இலிருந்து 1.28 வரை இருக்கும், காலியானதில் 1.12-ஐ ஒட்டி வந்துவிடும். ஆறும் ஒரே அளவில் குறைந்திருந்தால் பேட்டரிக்குப் பசி, சார்ஜ் போதவில்லை. ஐந்து 1.25-இல் நிற்க ஒன்று மட்டும் 1.12 என்றால் அந்த செல் போய்விட்டது. அப்போது மட்டும் மாற்றுவதில் மறுபேச்சில்லை.

தண்ணீர் விஷயத்தில் திண்டுக்கல் பக்கத்துக்கென்று ஓர் ஆபத்து இருக்கிறது. பேட்டரியில் குறைவது தண்ணீர் மட்டும்தான்; அமிலம் குறைவதில்லை. எனவே டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். அவசரத்துக்கு போர்வெல் தண்ணீரை ஊற்றும் பழக்கம் எங்கும் உண்டு. ஆனால் திண்டுக்கல் சமவெளிப் பாறைக்கடியில் ஊறும் தண்ணீர் இயல்பிலேயே கடினம். தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு இறங்கிய கிணறுகளில் உப்பும் குளோரைடும் கூடுதல். குளோரைடு நேர்த்தகட்டை அரிக்கும். தண்ணீரில் கரைந்த இரும்பு பேட்டரியைச் சும்மா இருக்கும்போதே காலி செய்யும். வாயில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணீர் என்று சொல்வதற்கும் பேட்டரி கேட்கும் தண்ணீருக்கும் சம்பந்தமில்லை.

சூடும் அப்படித்தான். தகரக்கூரை மோட்டார் ரூமில் சித்திரை மதியம் 40 டிகிரி சர்வசாதாரணம். ஈய பேட்டரிக்குச் சொல்லப்படும் ஆயுள் 25 டிகிரிக்கு; அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிறது. சார்ஜ் வோல்ட்டும் வெப்பத்துக்குத் தக்கபடி குறைய வேண்டும். 40 டிகிரியில் 12 வோல்ட் பேட்டரிக்கு 0.3 வோல்ட் அளவு குறைத்து ஏற்றாவிட்டால் தண்ணீர் வாயுவாகப் பிரிந்து வற்றும். வெப்பநிலை அளக்கும் ஒயர் சார்ஜரோடு வந்திருந்தால் அதை அட்டைப்பெட்டியிலேயே விட்டுவிடாமல் பேட்டரியில் ஒட்டுங்கள்.

இரவில் யாரும் எதுவும் போடாமலே பேட்டரி இறங்குகிறது என்ற புகாருக்கு வேறு தேடல். எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரைப் பேட்டரிக் கம்பியில் மாட்டி, ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எதைக் கழற்றும்போது ஆம்பியர் விழுகிறதோ அந்தக் கிளையில் கசிவு. பல வீடுகளில் திருடன் இன்வெர்ட்டர்தான்: ஒன்றும் ஓடாதபோதும் அது 1 ஆம்பியர் குடித்தால் ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-அவர், அதாவது 150-இல் ஆறில் ஒரு பங்குக்குச் சற்றே குறைவு. சோலார் வேலியில் பேட்டரியைவிடக் கம்பியில்தான் சிக்கல் வரும். மழைக்குப் பின் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் துடிப்பு முழுக்க மண்ணுக்குள் போய்விடும், பன்றி தைரியமாக நுழையும். பேனல் பக்கம் பெரும்பாலும் தூசி அல்லது நிழல். ஒரு தென்னங்கீற்றின் நிழல் சில செல்களில் விழுந்தாலே அந்தப் பகுதி முழுவதன் விளைச்சலும் குறையும். மதியம் 12 மணிக்கு அளக்கும் முன் நிழலைப் பாருங்கள்.

எச்சரிக்கைகளில் ஒன்றிரண்டை அழுத்திச் சொல்ல வேண்டும். 12 வோல்ட் தொட்டால் ஷாக் அடிக்காது என்பது உண்மை. ஆனால் இந்தப் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஸ்பேனர் விழுந்தால் ஆயிரம் ஆம்பியரும் ஓடும். மோதிரமோ வளையலோ போட்ட கையோடு அங்கே போகக் கூடாது, விரலோடு உருகி ஒட்டும். சார்ஜ் ஏறும்போது வெளிவரும் ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும், ஆகவே காற்றோட்டம் வேண்டும். ஃபியூஸ் பேட்டரியின் பிளஸ் முனைக்கு மிக அருகில் இருக்க வேண்டும். ஃபியூஸுக்கு முன்னால் உள்ள கம்பிக்குக் காவல் கிடையாது. வீட்டில் தானே விழும் எம்.சி.பி. சுவிட்சைப் பேட்டரிப் பக்கம் மாட்டுவது பரவலான தவறு. மின்வாரிய மின்சாரம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் சுவிட்சுக்குள் எழும் தீப்பொறி தானே அணையும். பேட்டரி மின்சாரத்துக்கு அந்த இடைவெளி இல்லை. தீப்பொறி தொடர்ந்து எரிந்து பெட்டியையே கொளுத்தும். டி.சி. என்று அச்சிட்ட எம்.சி.பி.யைக் கேட்டு வாங்க வேண்டும்.

படகுக்காரர்கள் இவற்றில் நம்மைவிடக் கறாரானவர்கள், கடல் அவர்களை அப்படி ஆக்கியிருக்கிறது. உப்புக்காற்று வெறும் செம்பைத் தின்றுவிடும் என்பதால் படகு வயரிங்குக்கென்றே ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசிய கம்பி இருக்கிறது. திண்டுக்கல்லில் உப்புக்காற்று இல்லை. பேட்டரியிலிருந்து கிளம்பும் அமில ஆவி அந்த வேலையை மெதுவாகச் செய்கிறது, அணில் கடித்த ஒயர் அதற்கு உதவி. நடுக்கடலில் அணைந்த பேட்டரி உயிர்ப் பிரச்சினை ஆகலாம் என்பதால், புதிதாக மாட்டிய அன்றே ஒவ்வோர் இணைப்பின் இழப்பையும் அளந்து நோட்டில் எழுதிவைக்கும் வழக்கம் அக்கறையுள்ள படகுகளில் உண்டு. தோட்டத்திலும் இதைச் செய்யலாம். இன்று 0.05 காட்டிய முனை அடுத்த ஆடியில் 0.2 காட்டினால், மிக்ஸி அணைவதற்கு முன்பே கழற்றிச் சுத்தம் செய்துவிடலாம்.

இப்போது தோட்டங்களுக்கும் லித்தியம் பேட்டரி வரத் தொடங்கிவிட்டது. அதற்குப் பழைய வோல்ட் கணக்கு பொருந்தாது. லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி நிறைவிலிருந்து பெரும்பகுதி காலியாகும்வரை 13.2, 13.3 வோல்ட்டிலேயே நிற்கும். வோல்ட்டை வைத்து மீதியைச் சொல்ல முடியாது, உள்ளே போன ஆம்பியரையும் வெளியே வந்ததையும் எண்ணும் ஷண்ட் மீட்டர் தேவைப்படும். அதன் உள்ளே பி.எம்.எஸ். என்ற காவல் பலகையும் இருக்கிறது. அளவுக்கு மேல் காலியானாலோ சூடானாலோ ஷார்ட் ஆனாலோ அது இணைப்பைத் துண்டித்துவிடும். முனைகளில் மீட்டரை வைத்தால் பூஜ்யம் அல்லது ஒன்றிரண்டு வோல்ட் மட்டும் காட்டும். அதைப் பார்த்துச் செத்த பேட்டரி என்று பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். துண்டித்த காரணத்தை நீக்கிவிட்டு, லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜரைச் சில நிமிடம் இணைத்தால் பி.எம்.எஸ். கதவைத் திறக்கும், வோல்ட் பதின்மூன்றுக்கு ஏறும். அப்புறம் அதையும் மிக்ஸியை ஓடவிட்டு, லக் லக்காக அளந்து பாருங்கள்.